எளிமையே விளக்கம்

எஞ்சினின் ஒவ்வோர் அசைவையும் கணனியில் ஒப்புருவாக்கிவிட்டால், அதற்குரிய கட்டுப்படுத்தி தானே பிறந்துவிடும் என்பாருளர். இக்கூற்று மறுக்கப்படவேண்டியது. 1868இல் வேகச் சீராக்கிகளை ஆராய்ந்த மக்ஸ்வெல், சிறு விலகல்களை மட்டுமே கருதி, ஏகபரிமாணச் சமன்பாடுகளால் உறுதிநிலைக்கான நிபந்தனையைத் தேடினார். 1876இல் விஷ்னெகிராத்ஸ்கி மூன்றாம் வரிசைச் சமன்பாடு ஒன்றினாலேயே, உராய்வு போதாவிடின் நீராவி எஞ்சினின் வேகம் நிலைகொள்ளாது அலையும் என நிறுவினார். காரணத்தைக் காட்டியது எளிமையன்றோ? ஆயிரம் மாறிகள் கொண்ட மாதிரியுரு விளைவைக் கூறும். ஏன் என்பதைக் கூறாது. காரணமறியாது பொருத்திய எண்கள், கணனி காணாத குளிரிலும் தேய்விலும் பொய்த்துவிடும். ஆதலின், சுருங்கிய மாதிரியுருவிலிருந்து வடிவமைத்து, விரிந்ததிற் சோதிப்பதே முறை. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கும் கல்வி, பொறியியலாளரையன்றிக் கணனி இயக்குநரையே உருவாக்கும்.