சாளரத்தின் நாற்பது ஆண்டுகள்

நாம் ஏவுவதைப் பொறிக்கு எடுத்துரைத்து, பொறி தரும் விடையை நமக்கு மீட்டுரைக்கும் தூதனைப் போன்றது கணினியின் இயங்குதளம். மேசைக் கணினிகளில் மிகுதியும் வழங்குவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ். சாளரங்கள் எனப் பொருள்படும் பெயருடைய அது 1985ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளிப்போந்து, நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இக்காலத்து அது எய்திய மாறுதல்கள் யாவும் வளர்ச்சியாமோ என ஆராய்வதே நம் கருத்து.

விண்டோஸுக்கு முன்னர், எம்.எஸ். டாஸின் கட்டளைச் சொற்களை மனப்பாடஞ் செய்து, ஓரெழுத்தும் பிழையாது தட்டச்சிட வேண்டியிருந்தது. இவ்வருமையைப் படங்களாலும் சுட்டியாலும் நீக்க எழுந்ததே விண்டோஸ். முதற் பதிப்பிற் சாளரங்கள் ஒன்றன்மேலொன்று படிதல் இல்லை. அருகருகே நிற்கும் அளவே. 1990இல் வந்த மூன்றாம் பதிப்புப் பெருவழக்குப் பெற்றது. 1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95, 'ஸ்டார்ட்' பொத்தானையும் பணிப்பட்டையையும் அளித்துப் புதியோரும் எளிதிற் பயிலச் செய்தது. ஆயினும் அதன் பெருமை புதுமையில் மட்டுமன்று. டாஸுக்கென எழுதப்பெற்ற பழைய நிரல்கள் பலவற்றையும் கைவிடாது இயக்கியதிலும் உளது.

தமிழ் பயிலும் நாம் நன்றியோடு நினைக்கற்பாலது விண்டோஸ் 2000. அதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறை கொண்டிருந்தன. ஒருவர் தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத பிறர் கணினியிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூனிகோடு முறைத் தமிழையும் 'லதா' எனும் எழுத்துருவையும் அவ்வியங்குதளம் தன்னகத்தே கொண்டு வந்தபின் இவ்விடர் படிப்படியாக நீங்கலாயிற்று. இதுவன்றோ உண்மை வளர்ச்சி!

இனி, வழுவிய இடங்களும் உள. 2012இல் வந்த விண்டோஸ் 8, தொடுதிரைக்கே முதன்மை தந்து, பதினேழாண்டு பழகிய ஸ்டார்ட் பொத்தானை அகற்றிற்று. பயன்படுத்துவோரின் குறை கேட்டு, மறு ஆண்டே 8.1 பதிப்பில் அதனை மீண்டும் வைக்க நேர்ந்தது. கற்றோர் கற்றதனை ஒருநாளிற் பயனற்றதாக்குவது புதுமையாகலாம், முன்னேற்றமாகாது.

விண்டோஸ் 95க்குக் குறைந்த அளவாக 4 மெகாபைட் நினைவகம் கூறப்பட்டது. 2021இல் வெளியான விண்டோஸ் 11க்கோ 4 ஜிகாபைட் வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! கட்டுரை எழுதும் மாணவனுக்கு ஆயிரம் மடங்கு பயன் விளைந்ததோ? அன்றியும், டி.பி.எம். 2.0 என்னும் காப்புறுப்பும் புதிய வகைச் செயலியும் இல்லாத கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை எனப்பட்டன. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பதிவு செய்துகொள்ளும் தனியாட்களுக்கு மேலும் ஓராண்டு காப்புத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. எனினும், நன்கு இயங்கும் பொறிகள் பல, பழுதுறுமுன்னரே முதுமையடைந்தனவாக எண்ணப்படும் நிலை மாறவில்லை.

கள்வர் நுழையாதவாறு காத்தற்கே இக்கட்டுப்பாடு என்பர். அக்காரணம் பொய்யன்று, காப்பின்றிக் கல்வியும் வாணிபமும் நடவா. ஆனால், புதிய வீட்டிற்கு வலிய பூட்டு வேண்டுமென்பதனால், பழைய வீட்டின் பூட்டைப் பழுது பார்க்க மறுத்தல் நீதியாமோ? செல்வர் புதுக்கணினி வாங்குவர். பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கிப் படிக்கும் ஏழை மாணவன் யாது செய்வான்?

ஆகவே, பொறி இயங்குங்காறும் அதற்குரிய காப்புத் திருத்தங்களை வழங்குதல், செய்து விற்றோரின் கடமையாதல் வேண்டும் என்பது நம் துணிபு. புதியதை விரும்புவோர் பெறுக. பழையதே போதுமென்போரை வற்புறுத்தாதிருக்க. சாளரம் காற்றும் ஒளியும் வரத் திறப்பது, உள்ளிருப்போரை வெளியேற்றுதற்கன்று.