துப்புரவுக்கு வந்த மீன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாளியோடு எங்கள் வாசலில் நின்றான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். முகம் வாடியிருந்தது.

"சித்தப்பா, இதைக் கம்மாயில விட்டுட்டு வந்துரவா?"

எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, உடம்பெல்லாம் சொரசொரப்பாக ஒரு சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்கி வந்தது, இப்போது சாண் நீளத்தைத் தாண்டிவிட்டது. 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். அவன் ஆசையாக வளர்த்த இரண்டு ஏஞ்சல் மீன்களின் உடம்பிலும் புண். ஒன்று அன்று காலையில்தான் செத்து மிதந்திருக்கிறது.

திருத்தங்கலில் மட்டுமல்ல, மீன்தொட்டி வைத்திருக்கிற முக்கால்வாசி வீடுகளில் நடக்கும் கதை இது.

சக்கர் சின்ன வயதில் பாசியைச் சுரண்டித் தின்னும். வளர வளர மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் பங்குக்கு வந்துவிடும். ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. அது போடும் கழிவே தொட்டியை நாறடித்துவிடும். மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. பசி வந்தால், ராத்திரியில் அசையாமல் நிற்கும் ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு, உடம்பின் வழுவழுப்பை உறிஞ்சிவிடும். அந்த வழுவழுப்புதான் மீனுக்குக் கவசம். அது போனால் புண் வரும்.

ஏஞ்சல், ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் எல்லாமே 'சிக்லிட்' குடும்பம். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. இடத்துக்காகச் சண்டை போடும். அதனால் துணை மீனை ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஏஞ்சலுக்கு: பிரிஸில்நோஸ் பிளெக்கோ. இதுவும் சக்கர் இனம்தான், ஆனால் நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். பாசியும் நன்றாகத் தின்னும். ஒரு மரத்துண்டு போட்டு வையுங்கள், சுரண்டிக்கொண்டே இருக்கும். அடியில் விழும் தீனிக்கு ஆறு கோரிடோராஸ். டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம், ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும். நியான் டெட்ராவும் வேண்டாம், வளர்ந்த ஏஞ்சலுக்கு அது தீனி.

ஆஸ்காருக்கு: வாய்க்குள் போகும் அளவில் எதையும் விடாதீர்கள். கோரிடோராஸை விழுங்கினால் அதன் முள் தொண்டையில் சிக்கி, இரண்டுமே சாகலாம்.

ஃபிளவர்ஹார்னுக்கு: துணையே வேண்டாம். அது தனிக்காட்டு ராஜா.

மலாவி ஏரி சிக்லிட்களுக்கு: சினோடான்டிஸ் கெளுத்தி. இவற்றுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீரா உங்கள் வீட்டில்? ஏஞ்சலைவிட இவை உங்களுக்குத் தோதாக இருக்கும். சினோடான்டிஸில் 'குயில் கெளுத்தி' என்று ஒன்று உண்டு. சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்துத் தன் முட்டையையும் கலந்துவிடும். தாய் சிக்லிட் தன்னுடையது என்று நினைத்து வாயில் வைத்து அடைகாக்கும். காக்கா கூட்டுக் கதைதான்!

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். எந்த மீனும் சம்பளமில்லாத வேலைக்காரன் இல்லை. பாசி வருவது வெளிச்சத்தாலும் மிஞ்சிய தீனியாலும். விளக்கை எட்டு மணி நேரத்தோடு அணையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கும் மருந்தைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள்.

சரி, வாளியில் இருந்த சக்கர்?

"கம்மாயில விடக்கூடாதுடா" என்றேன். இது தென் அமெரிக்க மீன். கரையைக் குடைந்து முட்டையிடும். தண்ணீர் குறைந்தாலும் காற்றை விழுங்கித் தாக்குப்பிடிக்கும். வலையைக் கிழிக்கும், சந்தையில் விலையும் போகாது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போன சக்கர், தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆந்திரத்து மீன் குளங்களிலும் பெருகி மீனவர்கள் வயிற்றில் அடிக்கிறது. நம் கெண்டையும் கெளுத்தியும் என்ன பாவம் செய்தன?

பையன் கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ இதைக் கொன்னுரணுமா சித்தப்பா?"

வேண்டாம். இருவரும் பைக்கில் சிவகாசிக்குப் போனோம். மூன்றாவது கடையில்தான் பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருந்தவர் வாங்கிக்கொண்டார். காசு எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வரும்போது அவன் கையில் விரல் நீளத்தில் ஒரு பிரிஸில்நோஸ் இருந்தது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் அவனே கேட்டான்:

"இது வளர்ந்தா எவ்வளவு பெருசாகும் அண்ணாச்சி?"

மீன் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.