ஏக் பார் ரீஸ்டார்ட் கர்கே தேகியே

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த இத்தனை வருஷத்தில் நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஹிந்தி வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அது தலைப்பில் இருக்கிறது. மும்பையிலிருக்கும் எங்கள் ஹெல்ப்டெஸ்க் சொல்லிக் கொடுத்தது. "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால் என் பையன்கூட இப்போது இதைத்தான் சொல்கிறான்.

சிரிப்பு இதோடு போதும் மக்களே. இது கோபத்தில் எழுதுகிற பதிவு.

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை. முந்தின நாள் அகமதாபாத்தில் உலகக் கோப்பையைத் தோற்ற சோகத்தில் கிளையே உம்மென்று இருந்தது. போதாக்குறைக்கு கிளை சர்வரில் ஒரு சர்வீஸ் கிளம்பவில்லை. கோர் பேங்கிங் எல்லாம் மும்பையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் சர்வர் சின்னது. விரல்ரேகைக் கருவியும் ஸ்கேனரும் அதன் வழியாகத்தான் பேசும். நவம்பரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பென்ஷன் வாங்கும் அப்பா அம்மாவைக் கூடவே வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர் 30க்குள் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்காவிட்டால் அடுத்த பென்ஷன் நிற்கும்.

அன்று வந்தவர்களில் ஒரு தமிழ் அம்மா. வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவர் போனபிறகு குடும்பப் பென்ஷன். மகனோடு இங்கே வந்து இருக்கிறார். தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் மேஜைக்கே வந்துவிட்டார். நான் சொன்னது: "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க." செவ்வாயும் அதையே சொன்னேன். புதன்கிழமை அவர் கேட்டார்: "தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு எத்தனை தடவை ஆட்டோ பிடிக்கிறது?"

பதில் இல்லை என்னிடம். ஏனென்றால் நான் சொன்னது பொய். சர்வர் டவுன் ஆகவே இல்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஒரே ஒரு சர்வீஸ் கிளம்பவில்லை. மூன்று நாளில் ஹெல்ப்டெஸ்க் சொல்லி ஏழு தடவை ரீஸ்டார்ட் செய்திருந்தோம். ஏன் கிளம்பவில்லை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். நான் வெறும் பி.காம்தான். ஆனால் படிக்கத் தெரியும். சிவப்புக் குறியோடு 7038 என்று ஒரு வரி, அதன் பக்கத்திலேயே 7000. சர்வீஸுக்குக் கொடுத்திருக்கும் பாஸ்வேர்டு தப்பு, அதனால் லாகின் ஆக முடியவில்லை என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. கையால் ஸ்டார்ட் கொடுத்தால் 1069. மூன்று நாளாக அந்த சர்வர் கரடியாய்க் கத்தியிருக்கிறது, கேட்க ஆளில்லை.

நடந்தது இதுதான். முந்தின வியாழக்கிழமை, பாதுகாப்பு விதிப்படி அந்த அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை மேலிடத்தில் மாற்றியிருக்கிறார்கள். சர்வீஸில் மாற்ற மறந்துவிட்டார்கள். ஏற்கெனவே லாகின் ஆகி ஓடிக்கொண்டிருந்த சர்வீஸுக்கு அது தெரியாது, பாட்டுக்கு ஓடியது. சனிக்கிழமை ராத்திரி பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்தார்கள். திரும்ப எழுந்தபோது பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தது, கதவு திறக்கவில்லை. அதாவது எந்த ரீஸ்டார்ட்டில் கோளாறு வெளியே வந்ததோ, அதே ரீஸ்டார்ட்தான் மருந்தாம்! எங்கள் ஏழு முயற்சியிலும் தப்பான பாஸ்வேர்டே போய்ப் போய் அந்த அக்கவுண்ட் பூட்டியும் கொண்டது.

வங்கியில் டிரையல் பேலன்ஸ் இடித்தால் என்ன செய்வோம்? வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், 54ஐ 45 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடுவோம். லெட்ஜரை மூடி மறுபடி திறந்தால் டேலி ஆகிவிடும் என்று ஒரு கிளார்க் சொன்னால் மெமோ கொடுப்போம். ஹெல்ப்டெஸ்க் சொன்னால் மட்டும் தலையாட்டுகிறோம்.

அந்த எண்கள் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. 1068 என்றால் அது நம்பியிருக்கும் வேறொரு சர்வீஸ் கிளம்பவில்லை, ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டாவது சாவிக்காரர் வராத கதை. 1053 என்றால் கொடுத்த நேரத்துக்குள், வழக்கமாக 30 விநாடி, பதில் வரவில்லை. 10048 என்றால் அது கேட்கும் போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்று நெட்ஸ்டாட் காட்டிக்கொடுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அந்தத் தடயமும் போச்சு.

"2024 ஜூலை 19 கிரவுட்ஸ்டிரைக் கூத்தில் மைக்ரோசாஃப்ட்டே 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றதே" என்று கணினித்துறை மச்சான் மடக்கினார். உண்மைதான். கிட்டத்தட்ட 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்த நாள் அது. ஆனால் அங்கே காரணம் முதலில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை எழும்போதும் திருத்திய ஃபைலை இறக்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கும் என்பதற்காகச் சொன்ன வைத்தியம். எங்கள் கதையில் நோய் என்னவென்றே யாரும் பார்க்கவில்லை.

ஹெல்ப்டெஸ்க் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தில் முதல் வரியே ரீஸ்டார்ட். அந்த வரியை எழுதியவர்கள் மேல்தான் கோபம். அங்கே "என்ன எண் வருகிறது?" என்று இருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும். கிளைக்கு ஒருவருக்கு லாக் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ளும் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட் என்கிற வசதி விண்டோஸ் சர்வர் 2012லேயே வந்துவிட்டது. அதைப் போட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

போனில் எண்ணைப் படித்துக் காட்டியதும் "லாக் பார்ப்பது உங்க வேலை இல்லை சார்" என்றார்கள். விடவில்லை நான். விவரமான ஒருவர் லைனில் வந்தார். பூட்டைத் திறந்து, புதுப் பாஸ்வேர்டைப் போட்டு, ஸ்டார்ட் கொடுத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். கட்டைவிரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. மோதிர விரல் எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் டிக்கெட் மூடியதாக மெயில் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்கள்: "ரீஸ்டார்ட் செய்தபின் சரியானது." அது தப்பு என்று அன்றைக்கே பதில் போட்டேன். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.