அச்சத்துக்கு விசுவாசம் என்று பெயரிடாதீர்!

கிறிஸ்தவ விசுவாசம் அச்சத்தை அகற்றும் என்று எமது ஆலயங்களில் ஓயாது போதிக்கப்படுகிறது. நாமும் அதனை ஏற்கிறோம். ஆனால் அவ்வச்சம் எப்போது அகலும் என்று கேட்டால், போதகர்களும் அவர்களைச் சூழ்ந்துள்ள கற்றறிந்தோரும் கூறும் விடை யாது? "காத்திருங்கள், ஜெபியுங்கள், அச்சம் நீங்கியதும் அடியெடுத்து வைக்கலாம்" என்பதே. இவ்விடையை நாம் அடியோடு மறுக்கிறோம். அடியெடுத்து வைத்த பின்னரே அச்சம் தளர்கிறது. அதற்கு முன்னர் அது தளரும் என்று காத்திருப்போர் கல்லறை வரையும் காத்திருப்பர்.

எம் வாசகருள் கமக்காரர் பலர். அவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. வானம் கறுக்கு முன்னரே, காய்ந்த மண்ணை உழுது, நெல்லைப் புழுதியில் விதைப்பவர்கள் அவர்கள். மழை பொய்த்தால் விதைநெல்லும் போய்விடும் என்பதை அறியாமலா விதைக்கின்றனர்? அறிந்தே விதைக்கின்றனர். மழை பெய்து முடியட்டும் என்று வரம்பில் குந்தியிருப்பவனை நம்பிக்கையுள்ளவன் என்று எந்தக் கிராமமும் அழைப்பதில்லை. ஆலயத்தில் மட்டும் அவனுக்கு அப்பெயர் கிடைப்பதேன்?

உண்மையான விசுவாசம் எவ்வாறு அடியெடுத்து வைத்தது என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அலபாமா மாநிலத்து மொன்ற்கொமரி நகரில் பஸ் வண்டியின் முன் இருக்கைகள் வெள்ளையருக்கும் பின் இருக்கைகள் கறுப்பின மக்களுக்கும் என்று சட்டம் இருந்தது. 1955 டிசெம்பர் 1ஆம் திகதி, தையல் வேலை முடித்து வீடு திரும்பிய றோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையர் ஒருவருக்கு இடம்விட்டு எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். அன்றிரவே ஜோ ஆன் றொபின்சன் என்னும் ஆசிரியை, தாம் கற்பித்த அரசாங்கக் கல்லூரியின் அச்சுப்பொறியில், பஸ்ஸைப் பகிஷ்கரிக்குமாறு கோரும் துண்டுப்பிரசுரங்களைப் பல்லாயிரக்கணக்கில் அடித்தார். வெளியே தெரிந்தால் உத்தியோகம் பறிபோகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. உத்தியோகத்தை எண்ணி வாய்மூடியிருக்கும் எம் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

டிசெம்பர் 5ஆம் திகதி பகிஷ்காரம் தொடங்கியது. அன்று பிற்பகல் கூடிய கறுப்பினப் போதகர்கள் செய்தது என்ன? தங்கள் பெயர் வெள்ளையருக்குத் தெரியாதவாறு யாவற்றையும் இரகசியமாக நடத்தலாம் என்று அவர்களுள் சிலர் யோசனை கூறினர்! புகையிரதத்தில் பணிவிடை செய்து பிழைத்த தொழிலாளியான இ. டி. நிக்ஸன் பொறுமையிழந்தார். துணி துவைத்துப் பிழைக்கும் பெண்களின் காணிக்கையில் வாழ்ந்துகொண்டு, அவர்களுக்காக வெளியே வர அஞ்சுகிறீர்களா என்ற பொருள்பட அவர் அக்குருமாரைச் சாடினார்.

அன்று தலைமை ஏற்றவர் 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங். அவரை அச்சமே அறியாத வீரர் என்று சித்திரிப்போர் அவருக்கும் அநீதி இழைக்கின்றனர். எமக்கும் அநீதி இழைக்கின்றனர். நிக்ஸன் முதலில் ஆதரவு கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று தயங்கியவர் அவர். 1956 ஜனவரி இறுதியில், நள்ளிரவில் வந்த ஒரு தொலைபேசி மிரட்டலின் பின் உறக்கமின்றிச் சமையலறை மேசையில் அமர்ந்து, கோழை என்ற பெயர் வராமல் விலகிக்கொள்ள வழியுண்டா என்று சிந்தித்தவரும் அவரே. தம் வலிமை தீர்ந்துவிட்டது என்று அவ்விடத்திலேயே வாய்விட்டு ஜெபித்தார். உள்ளத்தில் அமைதி பிறந்தது என்று பின்னர் எழுதினார். அவ்வமைதி கிட்டுவதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு முன்னரே அவர் போராட்டத்தில் இறங்கிவிட்டார் என்பதை மறவாதீர்!

ஜனவரி 30ஆம் திகதி அவரது வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் சில வாரக் குழந்தையும் இருந்தனர், தெய்வாதீனமாகத் தப்பினர். ஆயுதத்துடன் திரண்ட தம் மக்களை, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் எண்பதுக்கு மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் ஒளிந்தார்களா? இல்லை. பொலிசார் தேடி வருமுன்னரே நிக்ஸன் தாமாகச் சென்று நின்றார்; ஏனையோரும் சென்றனர். சில வாரங்களுக்கு முன் பெயரை மறைக்க விரும்பிய ஊரில், பட்டியலில் தம் பெயர் உண்டா என்று மக்கள் கேட்கலாயினர். அவர்களை மாற்றியது பிரசங்கமன்று. நடந்த கால்களே மாற்றின. 381 நாட்களின் பின், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 1956 டிசெம்பர் 21ஆம் திகதி அம்மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.

"இப்போது காலமன்று" என்போர் அங்கும் இருந்தனர். 1963 ஏப்ரலில், பேர்மிங்காம் நகரில் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எண்மர், கிளர்ச்சி விவேகமற்றது, காலத்துக்கொவ்வாதது என்று பகிரங்க அறிக்கை விடுத்தனர். கிங் சிறையிலிருந்து அவர்களுக்கு மறுமொழி எழுதினார். அம்மறுமொழியை உலகம் இன்றும் படிக்கிறது. அந்த எண்மரின் பெயரை எவர் நினைவுகூர்கின்றனர்?

இவை அமெரிக்கச் செய்திகள், எமக்கென்ன என்பீரோ? 1959இல் கிங் இந்தியா சென்றபோது, கேரளத்துப் பாடசாலை ஒன்றில் அவரைத் தீண்டத்தகாதோருள் ஒருவர் என்று அறிமுகஞ் செய்தனராம். முதலில் திடுக்குற்றதாகவும், சிந்தித்தபின் ஆம், நானும் அவருள் ஒருவனே என்று ஏற்றதாகவும் அவரே பின்னர் பிரசங்கித்தார். மொன்ற்கொமரியின் பின் இருக்கைக்கும் எமது சாதிக்கும் உள்ள உறவை அவர் கண்டுகொண்டார். நாம் காண மறுப்பதேன்? ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறுவோர், ஆலய வாசலைக் கடந்து கலியாணப் பேச்சு எழுந்ததும் சாதி விசாரிக்கின்றனர். இது தவறென அறியாத கிறிஸ்தவர் எவருமிலர். சுற்றத்தார் என்ன சொல்வரோ, சபை பிளவுபடுமோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. அவ்வச்சத்தைப் பொறுமை என்கின்றனர், விவேகம் என்கின்றனர், தேவசித்தம் என்றுங்கூடக் கூறத் துணிகின்றனர்.

அஞ்சுவோரை நாம் இகழவில்லை. கெத்செமனேத் தோட்டத்தில் இயேசுநாதரே கலங்கினார். பிள்ளைகுட்டிக்காரன் விளைவை எண்ணிப் பார்ப்பது இயல்பே. முன்வந்தோர்க்குத் தீங்கு நேராது என்றும் நாம் உறுதியளிக்கவில்லை. 1957 ஜனவரியில் மொன்ற்கொமரியின் நான்கு ஆலயங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. 1968 ஏப்ரல் 4ஆம் திகதி கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். விலை பெரிது. அதனைக் கொடுக்க இயலாதவர், "எனக்கு அச்சமாயிருக்கிறது" என்று நேர்மையாகக் கூறட்டும். அச்சொல்லே முதலடியாகலாம். சமையலறையில் அந்த இளம் போதகர் கூறியதும் அதுதானே?

அச்சத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டி, அதனைப் பிரசங்கபீடத்தில் ஏற்றி வைப்பதையே நாம் கண்டிக்கிறோம். சம்பந்தம் பேசும் வீட்டில் சாதி கேட்க மறுக்கும் ஒரு தகப்பனும், அவனுக்குத் துணைநின்று பகிரங்கமாகப் பேசும் ஒரு போதகரும் இன்று எமக்குத் தேவை. கைகால் நடுங்கட்டும், நடுக்கத்தோடேயே முன்வாருங்கள்!