நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?

நாமக்கல் பக்கத்துச் சகோதரிகளிடம் போய் முட்டையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். லாரி லாரியாக முட்டை ஏற்றி அனுப்புகிற சீமை அது! ஆனால் இந்த வாரம் நாம் பேசப் போவது கோழி முட்டையைப் பற்றி அல்ல. ஒரு கிராம் நிறுத்தால் இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை இருக்கும் முட்டையைப் பற்றி. பார்வைக்குக் காப்பிப் பொடி மாதிரி இருக்கும். பெயர் ஆர்ட்டீமியா. வண்ண மீன் கடைகளில் சிறு புட்டியிலோ டப்பாவிலோ கிடைக்கும்.

இது எதற்கு என்கிறீர்களா? வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு துக்கம் தெரிந்திருக்கும். ஒரு நாள் காலையில் ஃபைட்டர் மீனோ ஏஞ்சல் மீனோ முட்டையிட்டிருக்கும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகக்கூட மறந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். அப்புறம் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். "நோய் கண்டுவிட்டது" என்பார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் இன்னொருவர்.

பெரும்பாலும் இரண்டும் அல்ல, பட்டினி! தீனி போடாததால் வந்த பட்டினியும் அல்ல. பொரித்த குஞ்சு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவைத் தின்று சில நாள் தள்ளிவிடும். அது தீர்ந்ததும் வாய் திறக்க வேண்டும். அந்த வாய் ஊசிமுனை அளவு. நாம் தூவும் பாக்கெட் தீனியோ அதற்குப் பாறாங்கல். பச்சைக் குழந்தைக்கு முறுக்கைக் கொடுத்தால் தின்னுமா? எதிரே சாப்பாடு கிடக்கிறது; குழந்தை பட்டினி கிடக்கிறது. அந்தக் கதைதான்.

வேகவைத்த கோழி முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. ஆபத்துக்கு உதவும். ஆனால் அது அசையாது. அசைவதைத்தான் மீன் குஞ்சு உணவென்று அறியும். தின்னாத கரு அடியில் தங்கி அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

ஆர்ட்டீமியா குஞ்சு அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. துடித்துத் துடித்து நீந்தும். பிறந்தபோது உடம்பிலேயே சத்து நிறைந்திருக்கும். மீன் குஞ்சுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1930-களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் இதை மீன் குஞ்சுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அன்று முதல் உலகமெங்கும் மீன் வளர்ப்புக்கு இதுதான் தாய்ப்பால் மாதிரி.

இந்த ஜீவன் உப்பளத்துப் பிராணி. நம் தூத்துக்குடி உப்பளங்களிலேயே உண்டு. அங்குள்ள இனத்தில் ஆணே கிடையாது, அத்தனையும் பெண்! ஆண் துணையின்றியே வம்சம் தழைக்கிறது. கடைகளில் விற்கும் முட்டையில் பெரும் பங்கு அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருவது. தண்ணீர் வற்றி உப்புக் கரிக்கும் காலத்தில் தாய் கெட்டி ஓடு போட்ட முட்டைகளை இடும். உள்ளே உயிர் அப்படியே உறங்கும். வருஷக் கணக்கில் உறங்கும்! 1972-ல் அப்போலோ 16 விண்கலத்தில் இந்த முட்டைகளைச் சந்திரன் வரை கொண்டுபோய் வந்தார்கள். திரும்பியபின் அவற்றில் பல பொரிக்கவும் செய்தன.

இனி, சமையலறைக்கு வருவோம்.

ஒரு லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். அதில் அயோடின் சேராத கல் உப்பு 25 முதல் 30 கிராம், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. கரைந்ததும் கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. பழைய சோடா பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தினால் அதுவே பாத்திரம். மீன் தொட்டி ஏர் பம்பின் குழாயை வாய்ப்பக்கம் வரை இறக்கிக் குமிழி விடுங்கள். முட்டை அடியில் தங்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் உறக்கம் கலையும்.

பம்ப் இல்லையா? அகலமான தட்டில் இரண்டு விரல் உயரம் உப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை முட்டை தூவினாலும் பொரிக்கும். அளவு மட்டும் குறைவாக இருக்கட்டும்.

உஷ்ணம் 25 முதல் 30 டிகிரி இருந்தால் ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். குளிர் தேசத்துப் புத்தகங்கள் சூடேற்றும் கருவி வை என்று சொல்லும். சேலத்திலும் நாமக்கல்லிலும் அதற்குத் தேவையே இல்லை. ஏற்காட்டுவாசிகள் வேண்டுமானால் மார்கழியில் பக்கத்தில் ஒரு பல்பு எரிய விடலாம். கீழே சமவெளியில் கஷ்டம் நேர் எதிர். சித்திரை வெயிலில் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தால் முட்டை பொரிப்பதற்குப் பதில் வெந்துபோகும். தண்ணீர்ப் பானை இருக்கும் நிழலான மூலைதான் அதற்கு இடம்.

பொரித்ததும் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். அப்படியே எடுத்து ஊற்றிவிடாதீர்கள்! காலி ஓடுகள் குஞ்சின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். உப்பும் தொட்டிக்கு ஆகாது. பம்பை நிறுத்துங்கள். பாட்டிலின் மேல் பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, கீழே ஒரு டார்ச் வெளிச்சம் காட்டுங்கள். பத்து நிமிஷத்தில் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நாடிக் கூட்டமாக வந்து சேரும். மெல்லிய குழாயால் அந்தக் கூட்டத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

சிலர் ஓட்டையே கரைத்து நீக்குவார்கள். முட்டையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கலக்குவார்கள். பழுப்பு சாம்பலாகி, சாம்பல் ஆரஞ்சாகும்போது உடனே வடிகட்டி, வாடை போகும்வரை கழுவி, மிச்ச குளோரினை ஹைப்போ போட்டு முறிப்பார்கள். ஓடு போன முட்டையைப் பொரிக்காமலே தீனியாகவும் போடலாம். நல்ல முறைதான். ஆனால் கலக்கும்போது சூடேறும். நெடி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். குழந்தைகள் நடமாடும் அடுக்களைக்கு ஏற்ற வேலை அல்ல. வேண்டுமானால் ஓடு நீக்கியதாகவே கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். பொரித்த சில மணி நேரத்திலேயே ஆர்ட்டீமியாவின் சத்து கரையத் தொடங்கிவிடும். ஆகவே சூடான இட்லி போல, உடனே பரிமாற வேண்டும். மிஞ்சியதை உப்புத் தண்ணீரோடு குளிர்ப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். தொட்டியில் போடுவது ஒரு வேளைக்குச் சில சொட்டுகள், தின்று தீரும் அளவு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும். தின்னாதது செத்து நாறும்.

கப்பி, மாலி போன்றவை குட்டியாகவே போடுபவை. குட்டிகளின் வாய் சற்றுப் பெரிது. பொடித்த தீனியிலேயே பிழைத்துக்கொள்ளும். ஃபைட்டர், ஏஞ்சல், பொன்மீன் வைத்திருப்பவர்கள்தான் முட்டை கண்ட அன்றே புட்டியை எடுக்க வேண்டும். ஃபைட்டர் குஞ்சு மிகச் சிறிது. அதில் பலவீனமானவற்றுக்கு முதல் இரண்டு மூன்று நாள் பாசித் தண்ணீரின் நுண்ணுயிர் துணை செய்யும்.

பெரிய டப்பாவாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ஈரம் பட்டால் உறங்கும் உயிர் செத்துப்போகும். ஐப்பசி மழைக்கு முன் காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்ப் பெட்டியில் வையுங்கள்.

எல்லாம் சரியாக நடந்ததா என்று எப்படி அறிவது? தீனி போட்டுக் கால் மணி கழித்து மீன் குஞ்சுகளை உற்றுப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சு நிறமாக உருண்டிருந்தால், பந்தியில் யாரும் பசியோடு எழுந்து போகவில்லை என்று அர்த்தம்.