மெட்டு ஒன்று, மொழி இரண்டு

இலங்கையின் சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாட வேண்டும் என்றதும் ஒரு பதில் தயாராக வந்து நிற்கும்: இத்தனை மொழிகள் உள்ள இந்தியாவிலேயே நாட்டுப்பண் இந்தியில் மட்டும்தானே, சின்னத் தீவுக்கு இரண்டு எதற்கு? 2010 டிசம்பரில் தமிழ் வடிவத்தைக் கைவிடும் யோசனை கொழும்பு அமைச்சரவையில் எழுந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். தமிழ்நாட்டிலும் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் உண்டு. தகவலே பிழை. ஜன கண மன இந்திப் பாட்டு அல்ல. தாகூர் எழுதிய, வடமொழி நிறைந்த வங்கப் பாட்டு. 1950 ஜனவரி 24 அன்று அது நாட்டுப்பண் ஆனபோது, இந்தி பேசுவோரும் தம்முடையதல்லாத மொழிக்கு எழுந்து நின்றார்கள். சிங்கப்பூரில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் சீனர், பாடுவது மலாயில். இந்த நாடுகளில் ஒரே மொழி நிலைத்ததென்றால், பெரும்பான்மை இறங்கி வந்ததால் நிலைத்தது. இலங்கையில் இறங்கி வரச் சொல்வது சிறுபான்மையை.

இரு மொழியில் பாடினால் நாடு பிளந்துவிடும் என்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கட்டும். வேங்கிக்காலில் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அங்கே அரசு விழா என்றால் முதலில் 55 விநாடி தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் 52 விநாடி நாட்டுப்பண். இரண்டுக்கும் ஒரே கூட்டம்தான் எழுந்து நிற்கிறது. நாடு பிளந்துவிட்டதாக யாரும் பதறுவதில்லை. மாநிலப் பாடல் வேறு, நாட்டுப்பண்ணின் மொழிபெயர்ப்பு வேறு என்று ஒருவர் மறுக்கலாம். வேறுதான். ஆனால் இலங்கைத் தமிழர் கேட்பது தனிப்பாட்டு அல்ல. அந்த நாட்டின் பாட்டையே, அதே மெட்டில், அதே பொருளில் கேட்கிறார்கள். இதைப் பிரிவினை என்பது எந்த வகையில் நியாயம்?

இது புதிய கோரிக்கையும் அல்ல. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் எழுதிய அந்த நாட்டுப்பண்ணை மு. நல்லதம்பி எப்போதோ தமிழாக்கிவிட்டார். 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில், மூன்றாம் அட்டவணையில் அது அச்சாகியிருக்கிறது. 1987-இல் 13-ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2016 பிப்ரவரி 4 அன்று, காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள்; நாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. 2020-இல் அதே விழாவில் தமிழ் இல்லை. இடையில் மாறியது சட்டம் அல்ல, ஆட்சி. நாட்டைப் பிரித்தது எது என்று தேடுகிறவர்கள், சுதந்திரம் வந்த அதே 1948-இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டத்தையும், 1956-இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் படிக்கட்டும்.

தமிழர் தரப்பிலும் ஒரு மறுப்பு உண்டு, அதுதான் கனமானது. இராணுவம் பிடித்த காணி திரும்பவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் இல்லை, பாட்டு எதற்கு என்கிறார்கள். பிப்ரவரி 4-ஐக் கரிநாளாக அனுசரிப்பவர்களின் கோபம் நியாயமானது. பாட்டைக் கொடுத்துவிட்டுக் காணியை மறக்கச் சொன்னால் அது ஏமாற்று. அதற்காக, யாழ்ப்பாணத்துப் பள்ளியில் இந்தக் கீதத்தைத் தமிழில் கற்ற பிள்ளை கொழும்பு மேடையில் வாய்மூடி நிற்க வேண்டுமா? காணியும் அந்தப் பிள்ளையின் உரிமை, பாட்டும் அந்தப் பிள்ளையின் உரிமை. ஒவ்வொரு ஜனாதிபதியின் மனநிலைக்கும் விடாமல், அரச விழாக்களில் இரு மொழியிலும் பாட வேண்டும் என்று இலங்கை நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதட்டும்.