பல் நடப் போறீங்களா? போர்டை மட்டும் நம்பாதீங்க!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால்கூட சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பேண்ட் துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், தாடை எலும்பைத் துளைத்து திருகாணி இறக்கப் போகிறவர் யார், என்ன படித்தவர் என்று கேட்க மட்டும் கூச்சம்! "டாக்டரைப் போய் கேள்வி கேட்கிறதா?" என்று பேசாமல் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து விடுகிறோம்.

இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு பல் ஆஸ்பத்திரி. பளபள போர்டு. "ஒரே நாளில் பல்!" "ஆயுளுக்கும் பல்!" "தவணையில் பல்!" இதில் எது கைதேர்ந்த இடம், எது வெறும் விளக்கு வெளிச்சம்? போர்டைப் பார்த்தால் தெரியாது.

8 உயிர் போச்சு!

இது சாதாரண சமாச்சாரம் இல்லை. 2023-ல் வாணியம்பாடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே பல் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு, மூளையைத் தாக்கும் கிருமி தொற்றியது. அதில் 8 பேர் செத்தே போனார்கள்! பல்லைக் காட்டப் போனவர்கள், வீட்டுக்கு நோயோடு திரும்பினார்கள்.

நிபுணர்கள் துருவி ஆராய்ந்து, 2025-ல் அதை வெளியிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? சலைன் பாட்டிலை சுத்தம் செய்யாத கருவியால் திறந்திருக்கிறார்கள். சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்த ஆளுக்கும் பயன்படுத்தி இருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு பாட்டில் அலட்சியம், எட்டு வீட்டில் ஒப்பாரி!

திருகாணி வைத்தியம்

"இம்ப்ளாண்ட்" என்கிறார்களே, அது என்ன? விழுந்த பல்லின் வேர் இருந்த இடத்தில் டைட்டானியம் திருகாணியை எலும்புக்குள் இறக்குவார்கள். எலும்பு அதைக் கெட்டியாகப் பிடிக்க பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். பிறகு அதன் மேல் பல். 'ஒரே நாள்' முறையும் இருக்கிறது. ஆனால் எல்லார் எலும்புக்கும் அது ஒத்து வராது.

நல்ல வைத்தியம்தான். சந்தேகமே வேண்டாம். 1965-ல் சுவீடன் நாட்டு டாக்டர் பிரேனிமார்க் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். அந்த ஆளுக்கு 40 வருஷத்துக்கு மேல் உழைத்தது!

கை தவறினால்தான் வம்பு. கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளை அதில் பட்டால் உதடும் மோவாயும் மரத்துப் போகும். சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போகலாம். மேல் தாடைக்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை. திருகாணி அதற்குள் நழுவினால் இன்னொரு ஆபரேஷன்!

யாரிடம் போவது?

பி.டி.எஸ். என்பது 5 வருஷப் படிப்பு. அதற்கு மேல் எம்.டி.எஸ். 3 வருஷம். எம்.டி.எஸ்.சில் செயற்கைப் பல் பிரிவு, ஈறு பிரிவு, வாய்-தாடை ஆபரேஷன் பிரிவு ஆகிய மூன்றும் இந்த வேலைக்கு நெருக்கமானவை. 'இம்ப்ளாண்ட்' என்று தனி எம்.டி.எஸ். கிடையாது. "இம்ப்ளாண்ட் ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு இருந்தால், எந்தப் பிரிவு, எங்கே பயிற்சி, எத்தனை நாள் என்று கேளுங்கள். நாலைந்து நாள் வகுப்பு சர்டிபிகேட்டும் உண்டு. பி.டி.எஸ். மட்டும் படித்து, வருஷக்கணக்கில் செய்து கை பழகியவர்களும் உண்டு. பட்டம் பாதி, பழக்கம் பாதி!

வாய் திறந்து கேளுங்க!

தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன?

துளை போடப் போவது போர்டில் பெயர் உள்ளவரா, வெளியிலிருந்து வந்து போகிறவரா? ராத்திரி வீங்கினால் யாரைக் கூப்பிடுவது?

எலும்பின் உயரம், அகலம், நரம்பு ஓடும் இடம் எல்லாம் தெரிய ஸ்கேன் எடுத்தாச்சா?

கருவி பாக்கெட்டை என் கண் முன்னால் பிரிப்பீங்களா?

வைத்த திருகாணியின் கம்பெனி, அளவு, லாட் நம்பர் உள்ள ஸ்டிக்கரை என் பைலில் ஒட்டித் தருவீங்களா?

உங்களிடம் அவர் கேட்க வேண்டியதும் இருக்கு. சர்க்கரை எவ்வளவு? பீடி, சிகரெட் உண்டா? எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிடுறீங்களா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? இதெல்லாம் கேட்காமல் "நாளைக்கே வாங்க, இன்னிக்கு அட்வான்ஸ் கட்டுங்க" என்றால், எழுந்து நடையைக் கட்டுங்க!

அவசரமும் வேண்டாம். பல் நடாமல் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவதும், கழற்றி மாட்டும் செட்டும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியாரிடம் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் கேட்டால் குறைந்தா போயிடும்?

அதிகாரிகள் கவனிக்கணும்

மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. அது பைலில் இருந்தால் போதுமா? டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றையும் வாசலில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். காய்கறிக் கடை எடைக் கல்லுக்கு முத்திரை பார்க்கிற ஊரில், கருவி சுத்தம் செய்கிற இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்க ஆள் வரக்கூடாதா? செத்த பிறகு சோதனைக்கு வருவதைவிட, முன்கூட்டியே சொல்லாமல் வந்து நிற்கட்டும். ஒழுங்காகத் தொழில் செய்கிற டாக்டர்களுக்கும் அதுதான் மரியாதை.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். பல்லு போன பிறகுதான் சொல்லு ரொம்ப வேணும் சார். நாற்காலியில் சாயும் முன்பே கேட்டுவிடுங்கள். வாயில் பஞ்சை வைத்த பிறகு கேட்க முடியாது!